கியோட்டோவோடு திரும்பிவிடாதீர்கள்

ஜப்பான் போகிறவர்களின் பயணத் திட்டத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்: டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, ஒசாகா. தோட்டம் பார்க்கவே போகிறவர்களும் கியோட்டோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே ரியோவான்ஜி கோயிலின் கல் தோட்டத்தில், 15 கற்களுக்கு முன்னால் அவ்வளவு கூட்டத்தில் இடித்துக்கொண்டு உட்கார்வதில் என்ன அமைதி கிடைக்கும்?

என் ஓட்டு ஷிகோகு தீவின் தகாமட்சு நகரத்துக்கு. ஒகயாமாவில் கோரகுஎன் தோட்டத்தைப் பார்த்துவிட்டு ரயிலேறினால், கடல் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கே இருக்கிறது ரிட்சுரின் தோட்டம். நிலப்பிரபுக்கள் நூறு வருஷத்துக்கு மேல் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து 1745-ல் முடித்தது. 6 குளங்கள், 13 குன்றுகள், மேற்கே பின்சுவர் மாதிரி ஷியூன் மலை. சூரிய உதயத்துக்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் போங்கள். பைன் மரங்கள் சுமார் 1,400. அதில் ஆயிரம் போலத் தோட்டக்காரர்கள் கையாலேயே கத்தரித்து வளர்ப்பவை. நாம் 'இயற்கை அழகு' என்று படம் போடுகிறோம். அங்கே இயற்கையின் போக்கில் விட்டது ரொம்பக் குறைவு. ஒரு கிளை குளத்தின் பக்கம் சாய்ந்திருந்தால், அதை எப்போதோ ஒருவர் சாய்க்கத் தொடங்கியிருப்பார், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் விடாமல் தொடர்ந்திருப்பார்கள்.

ஷிமானே மாகாணத்து அதாச்சி அருங்காட்சியகத் தோட்டத்தைத்தான் ஓர் அமெரிக்கத் தோட்டக்கலை இதழ் ஜப்பானியத் தோட்டங்களின் பட்டியலில் 2003-லிருந்து முதலிடத்தில் வைத்து வந்திருக்கிறது. அப்பழுக்கு சொல்ல முடியாத தோட்டம்தான். ஆனால் உள்ளே கால் வைக்க முடியாது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். எனக்கு நடக்க வேண்டும். பத்தடி நடந்தால் பாலம் மறைந்து குளம் தெரிய வேண்டும். அதனால் ரிட்சுரின்தான் முதலில்.

அப்புறம், அதே ஷிகோகுவில் இயா பள்ளத்தாக்கு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும், காட்டுக் கொடிகளால் பின்னிய பாலம், செங்குத்துச் சரிவில் ஓலை வேய்ந்த மாதிரி புல் கூரை வீடுகள். பஸ் குறைவு, கார் எடுத்துக்கொள்வது நல்லது (நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்). உள்ளே தள்ளி நகோரோ என்று ஒரு கிராமம். பள்ளிக்கூடம் 2012-ல் மூடிவிட்டது. மிச்சமிருக்கும் மனிதர்களைவிட அங்கே வைத்திருக்கும் ஆளுயரப் பொம்மைகள் பல மடங்கு. அதைப் 'பேய்க் கிராமம்' என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. இறந்துபோனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் நினைவாகவும் தைத்த பொம்மைகள் அவை. ரிட்சுரினில் ஒரு மரத்தைக் கவனிக்க ஆள் இருக்கிறது. இங்கே வயலைக் கவனிக்க இல்லை. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தால்தான் ஜப்பான் கொஞ்சமாவது பிடிபடும் என்பது என் எண்ணம். அரை மணி நேரம் படமெடுத்துவிட்டு ஓடாமல், பள்ளத்தாக்கில் ஒரு ராத்திரி தங்குங்கள். அந்தக் காசாவது அந்த ஊருக்குப் போகட்டும்.

சைவக்காரர்களுக்கு மட்டும்: தகாமட்சுவில் தெருவுக்குத் தெரு உடோன் நூடுல்ஸ் கடை. வெறும் காய்கறிதானே மேலே கிடக்கிறது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், குழம்பே பெரும்பாலும் கருவாட்டில் காய்ச்சியது.