அறுவைக்குப் பிந்திய குழப்பம் வயதின் இயல்பன்று
"அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவர்கள் உளறுவது வயதின் இயல்பு, தாதியருக்கு இதற்கெல்லாம் தனிப் பாடம் எதற்கு" என்று சிலர் நினைப்பது தவறு. இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் திடீரெனத் தோன்றி, காலையில் சற்றுத் தெளிந்து இரவில் முற்றுகிற குழப்பம் பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடல்நலக் கோளாறு மூளையின் செயலைத் திடீரெனக் குலைக்கும் நிலை. அடங்காத வலி, சிறுநீர்த் தேக்கம், மலச்சிக்கல், நோய்த்தொற்று, தூக்க மருந்து, ஏன், கழற்றி வைத்த காதுக்கருவிகூட அதைத் தூண்டலாம். கூச்சலிடுபவரை எவரும் கவனிப்பர். பேசாமல் சுருண்டு கிடப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம்; அவரோ 'தொந்தரவில்லாத நோயாளி' என்று விடப்படுகிறார். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம், குழப்பம் மட்டுமே அதைக் காட்டலாம் என்பதால், 1990இல் வெளியான சிஏஎம் (Confusion Assessment Method, டெலிரியத்தைக் கண்டறியும் முறை) போன்ற மதிப்பீட்டு முறைகளைத் தாதியர் பயிற்சியோடு கற்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் வார்டில் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியிடம் ஆங்கிலத்தில் இன்று என்ன கிழமை என்று கேட்டுவிட்டு, அவர் விழிப்பதைக் குழப்பம் என்று குறித்துக்கொள்வதும் பிழைதான். குடும்பத்தார், "நேற்று வரை இப்படி இல்லை" என்று சொன்னால் அதைத் தாதியர் பதிவு செய்ய வேண்டும்.