கரமடி இழுத்த கரை

வறீதையா கான்ஸ்தந்தின் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததும் எங்கள் ஊர்க் கரைதான் நினைவுக்கு வந்தது. விலங்கியல் பேராசிரியராக இருந்த அவர் மீனவர்களின் சொற்களையும் கடலறிவையும் ஊர் ஊராகப் போய்த் திரட்டியது பெரிய காரியம். குமரி மீனவர்கள் பலரைப் பலிகொண்ட 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகாவது அந்த அறிவுக்கு மதிப்பு கிடைத்திருக்க வேண்டும்.

கட்டுரையில் கடலரிப்பை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் குமரி மேற்குக் கரையில் ஆனி, ஆடியில் கடல் மணலை எடுக்கும், அப்புறம் தானே திருப்பிக் கொடுக்கும். பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டார்கள். கரையோரமாக ஓடிவரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது, இங்கே அரிப்பு. அதைத் தடுக்க எங்களுக்கும் பாறாங்கல் கொட்டினார்கள். சரி, வீடுகள் தப்பின. ஆனால் கரையில் நின்று இழுக்கும் கரமடி வலை போச்சு. வள்ளம் வலையை வளைத்துப் போட்டு வந்ததும் இருபது முப்பது பேர் ரெண்டு பக்கமும் கயிறு பிடித்து, குதிகால் மணலில் புதைய இழுப்பார்கள். பாறைமேல் நின்று அப்படி இழுக்க முடியுமா? என் அப்பா கடைசியாக இழுத்த கம்பாக்கயிறு இன்னும் வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடக்கிறது.

அடுத்த கட்டுரையில் இந்தக் கரமடிக்காரர்களிடமும் பேசுங்கள்.