வரிசையில் ஆறாவது ஆள்

சித்தப்பா அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறார். அவர் வருஷக்கணக்கில் சரக்கு கொடுத்துவந்த ஒரு கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. பாக்கியைக் கேட்டு ‘பாரம் பி’ நிரப்பித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பில்லையும் டெலிவரி செலானையும் ஜோடி சேர்த்தோம். ஒவ்வொரு செலானிலும் அந்த கேட்டில் குத்திய ஊதா சீல், வண்டி நம்பர், தேதி, கையெழுத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை. “கணக்கு இவ்வளவு சுத்தமா இருக்கே, பணம் வந்துடும்ல?” என்று கேட்டார். அப்புறம்தான் நான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

கம்பெனியை எடுத்து நடத்த ஆள் கிடைக்காமல் சொத்தை விற்றுப் பிரிக்கும் நிலை வந்தால், 2016 திவால் சட்டத்தின் 53-வது பிரிவுதான் வரிசை போடுகிறது. முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்த படியில் தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும், அடமானச் சொத்தைத் தனியாக விற்று எடுத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சேர்ந்து நிற்கின்றன. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி, அடமானம் இல்லாமல் பணமாகக் கொடுத்த கடன் (நிதிக் கடன்), அரசுக்கு வரவேண்டிய இரண்டு வருட பாக்கி. இத்தனைக்கும் கீழே, ‘மீதமுள்ள கடன்கள்’ என்ற ஆறாவது படியில் சித்தப்பா. அவருக்குப் பின்னால் இருப்பது பங்குதாரர்கள் மட்டும்.

“தொழிலாளிக்குத்தான் முன்னுரிமை” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சொத்தை விற்று 40 கோடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 4 கோடி போக மிச்சம் 36. தொழிலாளர் பாக்கி 6 கோடி, வங்கிக் கடன் 90 கோடி. இரண்டுக்கும் ஒரே படி என்பதால் ரூபாய்க்கு முப்பத்தேழரை காசு. தொழிலாளர்களுக்கு 2.25 கோடி, வங்கிகளுக்கு 33.75 கோடி. பணம் அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆபீஸில் வேலை பார்த்தவர்களின் சம்பள பாக்கிக்கே ஒன்றும் இல்லை, பிறகு பெட்டி கொடுத்தவருக்கு எங்கிருந்து வரும்? பிஎஃப், கிராஜுவிட்டி நிதிகளை இந்தச் சொத்துக் கணக்கில் சேர்க்காமல் 36-வது பிரிவு ஒதுக்கிவைத்திருக்கிறது. அது நல்ல ஏற்பாடு.

எனக்கு ஆற மாட்டாத விஷயம் வேறு. அந்த பில்களுக்கெல்லாம் சித்தப்பா ஜிஎஸ்டி கட்டிவிட்டார். கைக்கு வராத பணத்துக்குக் கையிலிருந்து கட்டினார். அந்த அரசுதான் வரிசையில் அவருக்கு முன்னால் நிற்கிறது.

வங்கிகளின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அடமானத்துக்கு மதிப்பில்லை என்றால் யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் வட்டி ஏறும் என்பார்கள். நியாயம்தான். 2019-இல், திவால் நடவடிக்கைக்குள் போன எஸ்ஸார் ஸ்டீல் கம்பெனியின் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் எல்லாக் கடனுக்கும் ஒரே விகிதம் என்றபோது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சமமானவர்களுக்குள்தான் சமத்துவம், பிரிப்பது கடன் கொடுத்தோர் குழுவின் முடிவு என்றது. அந்தக் குழுவில் சித்தப்பா போன்றவர்களுக்கு ஓட்டு கிடையாது.

ஆனால் வங்கி கடன் கொடுக்கும்முன் பேலன்ஸ் ஷீட் பார்க்கிறது, சொத்தை எழுதி வாங்குகிறது, புரமோட்டரிடம் ஜாமீன் கேட்கிறது, ஆபத்துக்கு ஏற்ப வட்டி போடுகிறது. பெட்டி சப்ளை செய்பவர் இதில் எதைக் கேட்க முடியும்? 90 நாள் கடன் தர மாட்டேன் என்றால் ஆர்டரே கிடையாது. தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாதவரைச் சட்டமும் கடைசியில் நிறுத்துவது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

வரிசையையே புரட்டிப்போடச் சொல்லவில்லை. அமெரிக்கத் திவால் சட்டத்தில் 2005-இல் ஒரு விதி சேர்த்தார்கள். மனு தாக்கலுக்கு முந்தைய 20 நாளில் கம்பெனிக்கு வந்துசேர்ந்த சரக்கின் விலை, நடவடிக்கைச் செலவுக்குச் சமமான முன்னுரிமை பெறும். மூழ்கப்போவது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், சரக்கு இறக்கியவருக்குத் தெரிந்திருக்காது. அந்த ஒரு விதியாவது இங்கே வேண்டும்.

செலான்களைத் தேதிவாரியாக அடுக்கியபோது பார்த்தேன். சித்தப்பாவின் கடைசி மூன்று லோடும் அந்த 20 நாளுக்குள்தான் இறங்கியிருந்தன.