என் அம்மா கடல் பார்த்ததற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அம்மா ப்ளோரிடாவில் ஒரு மீன்தொட்டி முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை முந்தாநாள் போட்டேன். அதை எடுத்துவிடச் சொல்லி நேற்றிரவு வரைக்கும் மூன்று பேர் இன்பொக்ஸில் வந்துவிட்டார்கள். எடுக்க மாட்டேன். அதற்குக் கீழே என்னென்ன எழுதினார்கள் என்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அவற்றைத் திரும்ப இங்கே எழுதி அம்மாவை இன்னொரு தடவை அவமானப்படுத்த எனக்கு மனமில்லை. ஒரு வரியை மட்டும் விட முடியவில்லை. "கொழுந்து எடுத்த கிழவிக்கு அங்க என்னா விளங்கியிருக்கும்?"

என்ன விளங்கியது என்று சொல்கிறேன்.

தம்பிக்குப் பிள்ளை பிறந்ததும் அம்மாவையும் என்னையும் ப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டான். அங்கே டிஸ்னி வேர்ல்டில் எப்கொட் என்று ஒரு பூங்கா. அதற்குள் கடலுக்கென்றே ஒரு மண்டபம். 1986 இல் 'லிவிங் சீஸ்' என்ற பெயரில் திறந்தார்கள், 2007 இலிருந்து நீமோ என்கிற கோமாளி மீனின் பெயரில் நடக்கிறது. வரிசையில் நிற்கும் பாதையே கடற்கரை மாதிரித் தொடங்கும். போகப் போக வெளிச்சம் நீலமாகும். ஓரிடத்தில் அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு படகின் அடிப்பக்கம். அதாவது நாம் தண்ணீருக்குக் கீழே வந்துவிட்டோம். பிறகு சிப்பி வடிவத்தில் வண்டிகள். வண்டி நமக்காக நிற்காது, தரையும் அதோடு சேர்ந்து ஓடும், ஓடுகிற தரையில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். மழை பெய்த தேயிலை மலையில், இடுப்பில் படங்கும் முதுகில் கூடையுமாக 38 வருடம் ஏறி இறங்கிய கால் அது.

பயணத்தின் முடிவில் ஒரு பெரிய கண்ணாடி வரும். கண்ணாடிக்குப் பின்னால் உண்மையான மீன்கள். அதே தண்ணீருக்குள் கதையில் வரும் மீன்களும் நீந்துகிற மாதிரி ஒளியால் படம் விழுத்துகிறார்கள். பக்கத்து வண்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக் கத்தினார்கள். அம்மா மட்டும் கண்ணாடியையே உற்றுப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி, விரலால் காட்டிச் சொன்னார்: "இது உசிரு. அது படம். இந்தா, இது உசிரு."

ஒன்றுகூடப் பிழையில்லை. என்ன விளங்கியிருக்கும் என்று கேட்டவர் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

வெளியே வந்தால் அந்தத் தொட்டி. 57 இலட்சம் கலன், நம் கணக்கில் ஏறத்தாழ 215 இலட்சம் லீற்றர் தண்ணீர். சுறா, திருக்கை, ஆமை எல்லாம் அதற்குள். தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் விடியற்காலை குடத்தோடு வரிசையில் நின்ற மனுஷி அதன் முன்னால் நின்றார். தொட்டி ஒன்றில் மனாட்டி இருந்தது, நம் மன்னார்க் கடலில் இருக்கிற கடற்பசுவுக்குச் சொந்தக்கார விலங்கு. அது சலாது இலையை மேலுதட்டால் இழுத்து இழுத்து மென்றது. "பாவம், நம்ம வீட்டுப் பசு மாதிரியே திங்குது" என்று அம்மா அங்கேயே நின்றுவிட்டார். தம்பி இரண்டு தரம் கூப்பிட்டும் வரவில்லை. அப்போது எடுத்த படத்தைத்தான் நான் போட்டேன்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

சின்னப் பிள்ளைகளின் விளையாட்டில் கிழவிக்கு என்ன வேலை என்றார் ஒருவர். அந்த வண்டியில் ஏற வயது எல்லை கிடையாது, உயர எல்லை கிடையாது. கைக்குழந்தையும் ஏறலாம், பாட்டியும் ஏறலாம். குடும்பத்தோடு போவதற்காகவே கட்டியது.

மீனை அடைத்து வைத்து வேடிக்கை பார்ப்பது சரியா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்வி. ஓர் ஆமை கண்ணாடி ஓரமாகத் திரும்பத் திரும்ப வந்தபோது எனக்கும் நெஞ்சு கனத்தது. படகில் அடிபட்ட மனாட்டிகளை மீட்டுப் பராமரிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால் மட்டும் அந்தக் கனம் போய்விடாது. தங்கச்சி, உங்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் "அந்தக் காசுக்கு லயத்துக் கூரையை மாத்தியிருக்கலாமே" என்றவரோடு எனக்குச் சண்டை இருக்கிறது. ஏன், தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கூரை மாற்றுவது என் அம்மாவின் வேலையா? 2024 செப்டம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாய்க்கு வந்தது. அம்மா அதற்கு எவ்வளவோ முன்பே வேலையிலிருந்து பேர் வெட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட காலத்தில் வேலை செய்தவர். அவர் பிள்ளை சம்பாதித்து அவருக்கு ஒரு டிக்கெட் எடுத்தால், அதற்கும் தோட்டத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமா? கொழும்பில் இருந்து யாராவது டிஸ்னி போய்ப் படம் போட்டால் இப்படிக் கணக்குக் கேட்டிருப்பீர்களா? நம் ஆட்கள் சிரித்தால் மட்டும் ஏன் உங்களுக்குக் கூரை ஞாபகம் வருகிறது?

"நம்ம நாட்டுக் கடலைக் காட்டாம அமெரிக்காக் கடலைக் காட்டுறியா" என்று இன்னொருவர். இதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆண்டு எட்டில் எங்களைத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அம்மா தோட்டை அடகு வைத்து எனக்குக் காசு கட்டினார். இரவு திரும்பி வந்து, அங்கே கண்ணாடித் தொட்டியில் பார்த்த மீன்களைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "கடலு எப்படிடா இருந்துச்சு?" கடலோரக் காலி வீதியில் பஸ் போகும்போது நான் தூங்கிவிட்டேன். அதைச் சொல்லப் பயந்து, "பெருசும்மா" என்றேன்.

அம்மா ஏன் கடலைக் கேட்டார் என்று அன்றைக்குத் தெரியாது. 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளி மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் பெரியம்மா குடும்பமும் போனது. அம்மாவுக்கு அப்போது 14 வயது. அட்டன் ஸ்டேஷனில் கோச்சி வெளிக்கிட்டபோது பெரியம்மா சீலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாராம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, கோத்தகிரிப் பக்கம் போய், மூன்று கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அம்மாவுக்குக் கடல் என்றால் அக்காவைக் கொண்டுபோனது. அவ்வளவுதான். நான் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் கொழும்பில் காலிமுகத்திடல் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அலையைக் கண்டதும் அம்மா திரும்பி நின்றுகொண்டார். பார்க்கவே இல்லை. ஆம், நம் நாட்டுக் கடலைக் காட்டினேன். அவரால் பார்க்க முடியவில்லை.

அதே அம்மாதான் அந்தக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு அரை மணிநேரம் நின்றார். தண்ணீருக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். படத்தில் உள்ள சிரிப்பு அது. அதைத்தான் எடுக்கச் சொல்கிறீர்கள்.

உங்கள் கொமெண்டுகளை அம்மாவுக்குக் காட்டக் கூடாது என்று இருந்தேன். நேற்று என் மகள் ஃபோனை எடுத்து அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டாள். அம்மா கோபப்படவில்லை. யார் எழுதியது என்று மட்டும் கேட்டார். பெயரைச் சொன்னேன். ஆளைத் தெரியும். ஆளின் அம்மாவை அதைவிட நன்றாகத் தெரியும், இரண்டு பேரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள்.

"அவங்க அம்மா கடலு பாத்துருக்காளான்னு அந்தப் புள்ளகிட்டக் கேளு" என்றார்.

கேட்கிறேன், தம்பி. இன்பொக்ஸில் வேண்டாம், இங்கேயே பதில் எழுதுங்கள்.