பெயருக்கு அருகிலுள்ள எண் குறித்து ஒரு திருத்தம்
ஈபே என்னும் இணைய ஏலத் தளத்தில் திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரத்தை (அந்தச் சமஸ்தானத்தின் பழைய நாணயம்) விற்பவரின் பெயருக்கருகே 340 என்றிருப்பதால், அவர் அத்தனை பேருக்கு விற்றிருக்கிறார், நம்பி ஏலம் கேட்கலாம் என்று மேலே நண்பர் ஒருவர் எழுதியுள்ளார். பொறுத்தருள்க, அந்த எண்ணில் அவர் பிறரிடம் பொருள் வாங்கியபோது பெற்ற நற்கருத்துகளும் சேர்ந்தே கூட்டப்படுகின்றன. மலிவான அஞ்சல்தலைகளை வாங்கியே அதை வளர்த்துவிடலாம். எண்ணைச் சொடுக்கினால் வரும் பக்கத்தில், விற்பவராகப் பெற்றவை தனியாகவும் வாங்குபவராகப் பெற்றவை தனியாகவும் பிரித்துக் காட்டப்படும். முன்னதைத் திறந்து, எவ்வளவு காலத்துக்கு முன் எழுதப்பட்டவை என்று பாருங்கள். செங்கோட்டையில் பழைய நாணயம் தேடும் எங்களுக்கு இது பழகிப்போன வேலை: ஒருமுறை 212 என்ற எண்ணுக்குப் பின்னால் விற்பனைக்கென்று நான்கே கருத்துகள் இருந்தன, நான்கும் கைபேசி உறைகளுக்கு.