ஓட்டுச் சில்லுக்கு ஊர் வேண்டும்

சிந்துவெளிப் பானை, எகிப்தியக் கல்லறைத் துணி, பெரு நாட்டு நெசவுத் துண்டு என்று இணைய ஏலங்களில் பழம்பொருள் வாங்கிச் சேர்க்கும் ஆர்வம் நம்மவர்களிடமும், குறிப்பாகத் திருகோணமலையிலிருந்து புலம்பெயர்ந்து வசதியாக வாழும் சிலரிடமும், இருப்பதைக் காண்கிறேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் விரல் பதிந்த மண்ணைக் கையில் ஏந்தும்போது உண்டாகும் சிலிர்ப்பை நானும் அறிவேன். அதைக் குறைத்துப் பேச மனம் வராது. ஆனாலும், எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்ற விபரம் இல்லாத பானையையோ துணியையோ ஒருவரும் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

இதற்குப் புதுச்சேரிக்கு அருகேயுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டைவிட நல்ல சான்று இல்லை. 1945 இல் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் மோர்ட்டிமர் வீலர், இத்தாலியில் செய்யப்பட்ட, காலம் ஏற்கெனவே தெரிந்திருந்த அரெட்டைன் மட்பாண்ட உடைசல்களை உள்ளூர்ப் பானை ஓடுகளோடு சேர்த்துக் கண்டெடுத்தார். அவற்றைக் கொண்டே, உட்புறத்தில் புள்ளி வரிகள் வட்டமாகப் பதிந்த ரூலெட்டட் தட்டுகளுக்கு அவரால் ஒரு காலத்தைக் குறிக்க முடிந்தது. அதே வகைத் தட்டுகள் கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் திஸ்ஸமகாராமையிலும் கிடைத்தபோது, நமது இலங்கைத் தீவும் இத்தாலிவரை நீண்ட அந்த வணிகத் தொடர்பில் இருந்தமை தெளிவாயிற்று. பின்னர் தொல்லியலாளர் விமலா பெக்லி அந்தக் காலக்கணிப்பை இன்னும் பழைய காலத்துக்குக் கொண்டுசென்றார். அடுக்குகள் பற்றிய குறிப்புகள் எஞ்சியிருந்ததால்தான் அந்தத் திருத்தமும் இயன்றது. வீலருக்கு முன்பே யாராவது அழகான இத்தாலியச் சில்லுகளை மட்டும் பொறுக்கி விற்றிருந்தால், மீதி ஓடுகள் காலம் தெரியாமலே கிடந்திருக்கும். வெப்ப ஒளிர்வுச் சோதனை இருக்கிறதே என்பார்கள். பானை கடைசியாகச் சூடேறிய காலத்தை அது ஏறத்தாழச் சொல்லும். செம்மையாகச் சொல்வதற்கு, பானை புதைந்திருந்த மண்ணின் கதிர்வீச்சு அளவும் தேவை.

துணியின் நிலை இன்னும் பரிதாபமானது. ஈரமும் வெக்கையும் நிறைந்த நமது மண்ணில் பருத்தி நெடுநாள் தங்காது. மொகஞ்சதாரோவில் பருத்தித் துணி எஞ்சியது, அது ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கிடந்து உலோக உப்புகளால் காக்கப்பட்டதால்தான். அந்தப் பாத்திரம் அகழ்வாளர் கைக்கு வராமல் வியாபாரியிடம் போயிருந்தால், நல்ல விலைக்காக அவர் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார். நாலாயிரம் ஆண்டுப் பருத்தி அந்தத் தேய்ப்பிலேயே போயிருக்கும். எகிப்தின் கல்லறை அங்கிகளிலிருந்து அலங்காரப் பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து, மற்றத் துணியை வீசிவிட்ட வியாபாரிகளும் உண்டு. இடைக்காலத்தில் குஜராத்திலிருந்து எகிப்துக்குப் போன அச்சிட்ட பருத்தித் துணித் துண்டுகள் ஏறத்தாழ 1,200 இன்று ஒக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்தியப் பெருங்கடல் வணிகத்துக்கு அவை அரிய சாட்சிகள். ஆனால் சந்தையில் வாங்கப்பட்டவை என்பதால் எந்த வீட்டில், எந்தக் குழியில் கிடந்தன என்று சொல்ல ஆளில்லை. பெருவின் பரகாஸ் பகுதியிலிருந்து 1930களில் கடத்தப்பட்டுச் சுவீடனுக்குப் போன நெசவுகள் 2014 இல்தான் திரும்பத் தொடங்கின. நைந்த அந்த இழைகளுக்கு ஒவ்வொரு பயணமும் ஆபத்து.

நமது திருகோணமலை மாவட்டத்தில் கிணறு வெட்டும்போதும் வயல் திருத்தும்போதும் பழைய ஓடுகள் வெளிப்படுவது புதிதன்று. இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும், உத்தரவுப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. அப்படியிருந்தும் எங்கள் ஆட்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். ஓடு கிடைத்ததென்று சொன்னால் காணி போய்விடும் என்ற பயமே காரணம். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் தொடக்கத்தில் அவ்விரு சமூகத்தவரில் ஒருவர்கூட இருக்கவில்லை. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க நான் தயாரில்லை. ஆனால் பயந்து ஒளிக்கப்படும் பொருள் ஈற்றில் யாரோ ஒரு தரகரின் கைக்குத்தான் போகிறது. ஆகவே, கழுவாமல், மேலும் தோண்டாமல், கிடந்த இடத்திலேயே அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இடம், ஆழம், திகதி ஆகியவற்றை எழுதுங்கள். நம்பிக்கையான பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, அறிவிக்க வேண்டியவர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். பதிவு நம் கையிலும் இருந்தால் பின்னர் கதையை மாற்றுவது எவருக்கும் கடினம். அம்பலாந்தோட்டைக்கு அருகே கொடவாயக் கடலில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான கப்பற்சிதைவு இருப்பதை 2003 இல் கண்டறிந்தவர்கள் சங்கு குளிக்கப் போன உள்ளூர்ச் சுழியோடிகள்தான் என்பதை நமது கடற்றொழிலாளருக்கும் சொல்லிவையுங்கள்.

சேர்த்தே ஆக வேண்டும் என்ற ஆசையுள்ளவர்கள் மருதமுனைக் கைத்தறிச் சேலையை, நெய்தவரின் பெயரையும் ஆண்டையும் கேட்டெழுதி வாங்கி வைக்கலாம். ஏற்கெனவே பழம்பொருள் வைத்திருப்பவர்கள், விற்றவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர்ப் பொருள் என்று சொன்னார் என்பவற்றைத் தமது சந்தேகங்களையும் சேர்த்து எழுதி, பற்றுச்சீட்டோடு பொருளின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். 1970 ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பின், அந்த ஆண்டுக்கு முன்பே பொருள் தாய்நாட்டைவிட்டு வெளியேறியமைக்கான ஆவணத்தைப் பல அருங்காட்சியகங்கள் கேட்கின்றன. உங்கள் பிள்ளைகள் ஒருநாள் அதைத் திருப்பிக் கொடுக்க விரும்பினால், எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் அறிய முடியும்.