இரண்டாவதாக இறங்குகிறவர்

மார்ச் 4 வந்தால் எல்லாத் தொழிற்சாலைகளிலும் பாதுகாப்பு உறுதிமொழி எடுப்பார்கள். 1966இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்ட நாள். வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நானும் பல வருஷம் வாசித்தவன்தான், இப்போது வாசிக்க வைக்கிற உத்தியோகம். முடிந்ததும் ஸ்வீட், காரம், வாசகப் போட்டி. ஒரு வருஷம் எதுகை மோனையோடு எழுதி முதல் பரிசு வாங்கிய பையன், அன்றைக்கு மத்தியானமே பெல்ட் மாட்டாமல் ஷீட் கூரை மேல் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டு இறக்கினேன். "பரிசு வாங்குனவன்னு பாத்தீங்களா சார்" என்று சிரித்தான்.

ஹெல்மெட், ஷூ, பெல்ட் எல்லாம் சத்தம் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். எவ்வளவு சத்தம் போட்டாலும் நிற்காத விதி ஒன்று இருக்கிறது. தொட்டிக்குள் ஒருத்தர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க நீ உள்ளே இறங்காதே.

"கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி 3 பேர் பலி." இந்தத் தலைப்பைப் படிக்காத வருஷம் உண்டா? செய்தியின் உள்ளே போய்ப் பாருங்கள். வேலைக்கு இறங்கியவர் பெரும்பாலும் ஒருத்தர்தான். மற்ற இருவரும் அவரைத் தூக்கப் போனவர்கள். அண்ணன் விழுந்தார் என்று தம்பி, தம்பி விழுந்தான் என்று பக்கத்தில் நின்ற லாரி டிரைவர். நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே சொல்லிவிட்டது: இப்படிப்பட்ட மூடிய இடங்களில் செத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். நாம் மூச்சு விடும் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன். 19.5க்குக் கீழே போனால் உள்ளே ஆளை விடக்கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டும், முட்டியதும் வெளியே வந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முட்டவே முட்டாது. உடம்புக்கு மூச்சுத் திணறல் தெரிவது கார்பன் டை ஆக்சைடு சேரும்போதுதான். ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜனை இழுத்தால் இரண்டு மூச்சில் கால் மடங்கும், பயப்படக்கூட நேரம் இருக்காது. 1981 மார்ச் 19 அன்று, கொலம்பியா விண்வெளி ஓடத்தின் பின்பகுதிக்குள் நைட்ரஜன் நிரம்பியிருந்தது தெரியாமல் டெக்னீஷியன்கள் நுழைந்தார்கள். ஒருவர் அன்றே போனார், இன்னொருவர் சில நாளில். ராக்கெட் விடுகிறவர்களுக்கே அந்தக் கதி.

சாக்கடை, சாயக்கழிவு, தோல் கழிவு என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். நாற்றம் அடிக்கிறவரை பயம் இருக்கும். 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு, வந்ததும் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுபோகும். "வாடை போயிருச்சு, இறங்கலாம்" என்று மேஸ்திரி சொல்வது அந்த நேரத்தில்தான். 700ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சுதான் மிச்சம். இன்னொன்றும் உண்டு. மூடியை ராத்திரி பூரா திறந்து போட்டிருப்பார்கள், மேலே வாயு இருக்காது. காலையில் ஒருத்தர் இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் இரண்டு எட்டு வைப்பார். குலுக்கிய சோடா பாட்டில் போல அடியில் அடைந்து கிடந்ததெல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பும்.

எங்கள் தாத்தா காலத்தில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல புத்தி. இன்றைக்கும் மெழுகுவர்த்தியோடு வருகிற ஆட்களைப் பார்க்கிறேன். மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே ஆளை முடித்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் சுடர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். கர்ச்சீப், துணி மாஸ்க் எல்லாம் தூசிக்கு, வாயுவுக்கு இல்லை. சில பட்டறைகளில் "காத்து குடுக்குறோம்" என்று வெல்டிங் ஆக்சிஜன் ஹோஸை உள்ளே விடுவார்கள். அது இன்னும் மோசம். ஒரு பொறி பட்டால் போட்டிருக்கும் சட்டை பஞ்சு மாதிரிப் பற்றும்.

நான் இதைக் கற்றது சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில். 24 வயசு. மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர் எங்களுக்கு ஹோல் வாட்ச்மேன். டேங்க் வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. உள்ளே போகிறவர்களின் பாஸை வாங்கிப் பலகையில் மாட்டுவார், வெளியே வந்தால் எடுத்துக் கொடுப்பார். மொத்தச் சம்பளத்துக்கும் இதுதானா என்று நாங்கள் கேலி செய்வோம். ஒருநாள் அவரிடமே கேட்டேன்: "காலி டேங்குதானே அண்ணே, எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்கு எதுக்கு கேஸ் டெஸ்ட்?" அவர் டேங்க் சுவரை விரலால் தேய்த்துக் காட்டினார். செம்மண் மாதிரி துரு. "தம்பி, இரும்பு துருப்பிடிக்க என்ன வேணும்? ஆறு மாசமா மூடிக் கிடக்கு. உள்ள இருந்த ஆக்சிஜனைப் பூரா இது தின்னிருக்கும்." பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்த வேதியியல் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. "நான் கீழ விழுந்து கிடந்தாலும் நீ உள்ள வராத. நீ விழுந்தாலும் நான் வரமாட்டேன், ஹாரன்தான் அடிப்பேன்" என்றார். கல்நெஞ்சக்காரர் என்று அப்போது நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பி, சாயப்பட்டறை ஒன்றில் சேஃப்டி சூப்பர்வைசராகச் சேர்ந்த இரண்டாவது மாசம். ஞாயிற்றுக்கிழமை. காண்ட்ராக்ட் ஆட்கள் ஈடிபி தொட்டியை, அதாவது சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டியை, சுத்தம் செய்ய வந்திருந்தார்கள். எனக்குத் தகவலே இல்லை, வேறு வேலையாக உள்ளே வந்தவன் கூச்சல் கேட்டு ஓடினேன். மேன்ஹோலில் எட்டிப் பார்த்தால் ஒருத்தர் குப்புறக் கிடக்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது. அவர் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கப் போகிறான். இடுப்பைப் பிடித்துக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தேன். வாட்ச்மேன் அவன் காலைப் பிடித்துக்கொண்டார். "எங்கண்ணன்டா, விடுறா" என்று என் கையைக் கடித்தான். தீயணைப்பு வண்டி வந்து, முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய வீரர் இறங்கித் தூக்கும்வரை அவனை அப்படியே அழுத்திப் பிடித்திருந்தோம். அண்ணன் பிழைக்கவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்டோரைத் திறக்கச் சொன்னேன். முக்காலி ட்ரைபாட், கைப்பிடி சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச், உடம்பில் மாட்டும் ஹார்னஸ் எல்லாம் இருந்தன. ஆடிட்டுக்கு வாங்கியவை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சாவி ஸ்டோர் கீப்பரிடம், அவருக்கு ஞாயிறு லீவு.

விசாரணை ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை எழுதினார்கள்: தொழிலாளியின் அஜாக்கிரதை. எனக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்போது நடப்பில் இருந்தது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 36. தகுதியுள்ளவர் தானே சோதித்துப் பார்த்து, வாயு இல்லை என்று எழுத்தில் சான்று கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், இறங்குகிறவர் மூச்சுக்கருவியும் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும், பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சுதந்திரம் வாங்கிய மறு வருஷமே இவ்வளவு தெளிவாக எழுதி வைத்துவிட்டார்கள். அந்தக் கயிறு இருந்திருந்தால் தம்பி ஏன் குதிக்கப் போகிறான்? நின்ற இடத்திலிருந்தே இழுத்திருப்பான். கயிறு கொடுக்காமல் "குதிக்காதே" என்று மட்டும் போர்டு வைப்பது, கண்ணெதிரே அண்ணன் சாவதைச் சும்மா நின்று பார் என்று சொல்வதுதான். ரத்த பாசம் உள்ள எவனும் கேட்கமாட்டான்.

கழிவுநீர்த் தொட்டியென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு, யாரை இறக்குகிறோம் என்பது. எந்தத் தெருவுக்கு ஆள் தேடிப் போகிறோம் என்று நமக்கெல்லாம் தெரியும். 2013இல் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதற்குத் தடைச் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக்கியது. போன வருஷம் இப்போதைய கம்பெனிக்கு நான் வாங்கிய கேஸ் மீட்டர், காற்றடிக்கும் புளோயர், ட்ரைபாட், மூச்சுக்கருவி எல்லாம் சேர்த்தே 3 லட்சத்தைத் தொடவில்லை. கணக்குப் பார்க்கிற முதலாளிகளுக்காக இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் சைட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மீட்டரை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் விட்டுப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில், மூடியைத் திறக்கும் முன், தரையில் ட்ரைபாடை நிறுத்தி ஹார்னஸை நானே மாட்டிக்கொள்கிறேன். அன்றைக்கு வெளியே நிற்கப் போகிற ஆள் என்னைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் 84 கிலோ. அவரால் முடியாவிட்டால் அன்றைக்கு யாரும் இறங்கக் கிடையாது. எல்லாரும் சிரிப்பார்கள், போன் எடுத்து வீடியோ பிடிப்பார்கள், எனக்கும் அந்தரத்தில் தொங்குவது கொஞ்சம் கூச்சம்தான்.

நேற்று புதுசாகச் சேர்ந்த பையன் சுற்றினான். பாதியில் கைப்பிடி சிக்கிக்கொண்டது, கால் தரையைவிட்டு ஒரு சாண்கூட எழும்பவில்லை. கப்பி வறண்டு கிடந்திருக்கிறது. கிரீஸ் போட்டு, மறுபடி தூக்கிப் பார்த்து, வேலை தொடங்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் இரண்டு தடவை போன் பண்ணினார். நான் மேலே தொங்கிக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை.